பாட்டில் ஒரிஜினல்தான், உள்ளே இருப்பது?

பெர்ஃப்யூம் கடை வைத்திருப்பதால், ஆன்லைனில் வாங்கிய பாட்டிலைக் கொண்டுவந்து “அண்ணே, இது ஒரிஜினலா பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்பவர்கள் எங்களிடம் நிறைய. பண்டிகை ஆஃபர் முடிந்த கையோடு இன்னும் அதிகம். பெரும்பாலும் முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கியதாக இருக்கும், இல்லையென்றால் யாருக்கோ பரிசு கொடுக்க வைத்திருப்பார்கள். டூப்ளிகேட் என்று சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டப்படுகிறது. வாங்குவதற்கு முன்பே இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் அந்தப் பணம் மிச்சமாகியிருக்கும்.

எல்லோரும் முதலில் பாட்டிலைத்தான் ஆராய்கிறார்கள். மட்டமான போலியை அப்படிப் பிடித்துவிடலாம். உள்ளே இறங்கும் குழாய் தடிமனாக, வெள்ளையாகத் தெரியும். நீளம் கூடிப்போய் அடியில் வளைந்து கிடக்கும். பெட்டியைச் சுற்றிய கண்ணாடித்தாள் தொளதொளவென்று இருக்கும், மடிப்பில் பசை வழிந்திருக்கும். ஆனால் இன்று பெரிய தொல்லை இந்த ரகம் இல்லை, ரீஃபில்தான். காலியான ஒரிஜினல் பாட்டிலுக்கு நல்ல விலை கிடைக்கிறது, பெட்டியோடு இருந்தால் இன்னும் கூடுதல். அதில் மலிவான சரக்கை நிரப்பினால் கண்ணாடி, மூடி, எழுத்து எல்லாம் அசல்தான். அப்புறம் பாட்டிலைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது?

ஒரே ஒரு இடம் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். மூடியைக் கழற்றினால் ஸ்ப்ரே தலைக்குக் கீழே ஒரு உலோக வளையம் தெரியும். பெரிய கம்பெனிகளின் பாட்டில்கள் பலவற்றில் அதை மெஷின் வைத்து அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், திருகு இருக்காது. திறக்க வேண்டுமென்றால் குறடு போட்டு நெம்ப வேண்டும். அதனால் வெளிச்சத்தில் வைத்து அந்த வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். கீறல், நசுங்கல், லேசான ஆட்டம் ஏதாவது இருந்தால் சந்தேகப்படலாம். சில கம்பெனிகள் மறுபடி நிரப்பிக்கொள்ளவே திருகு வைத்த பாட்டில் விற்கின்றன. ஆகவே திருகு இருந்தாலே போலி என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் பேட்ச் நம்பர் விஷயமும் இப்படித்தான். பெட்டியின் அடியில் இருப்பதும் பாட்டிலின் அடியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒத்துப்போனால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. அந்த நம்பரைப் போட்டுப் பார்க்கும் இணையதளங்கள் தயாரித்த தேதியைத்தான் சொல்கின்றன. ஒரு உண்மையான நம்பரை எத்தனை பெட்டியில் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே.

அதனால்தான் நான் எப்போதும் சொல்வது, வாசனையையும் பாட்டிலையும் விட விற்றவர் யார், கொண்டுவந்தவர் யார் என்று பாருங்கள். வெளிநாட்டு பெர்ஃப்யூம் நம் சட்டத்தில் அழகுசாதனப் பொருள். 2020 அழகுசாதன விதிகளின்படி அதற்கு இறக்குமதிப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண் லேபிளில் இருக்க வேண்டும். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, எத்தனை மி.லி., எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், வருடம், வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவையும் வேண்டும். பெரும்பாலும் பெட்டியின் பின்பக்கமோ அடியிலோ பொடி எழுத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கராக இருக்கும். அதில் உள்ள நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். யாரும் எடுக்காத நம்பரையும், தேடினால் கிடைக்காத கம்பெனியையும் நானே பார்த்திருக்கிறேன்.

இந்த விவரங்களில் பெரும்பாலானவை ஆன்லைன் பக்கத்திலும் இருந்தாக வேண்டும். இறக்குமதியாளர் என்ற இடம் காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டு வந்துவிடுங்கள்.

“துபாய் சரக்கு, அதான் ஸ்டிக்கர் இல்லை, விலையும் கம்மி” என்பார்கள். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் நாளைக்குப் பிரச்சினை என்றால் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். முறையாக வரும் பாட்டிலில் சுங்க வரியும் 18% ஜிஎஸ்டியும் அடங்கியிருக்கிறது. சீசன் ஆஃபரில் 20, 30 சதவீதம் குறையலாம், சரி. 12,000 ரூபாய் பாட்டிலை 2,500க்குத் தர எந்த வியாபாரிக்கும் கட்டுப்படியாகாது. “டெஸ்டர், அதான் விலை கம்மி” என்ற கதையும் அப்படியே. கடையில் அடித்துப் பார்க்கக் கொடுப்பதுதான் டெஸ்டர். எங்களுக்கே எண்ணித்தான் வரும். எல்லா பிராண்டிலும், கேட்கும்போதெல்லாம் டெஸ்டர் வைத்திருப்பவரிடம் கவனமாக இருங்கள்.

பெரிய ஆப்தானே என்று நம்பி வாங்குபவர்களுக்கு ஒன்று. ஒரே பக்கத்தில் பல பேர் விற்பார்கள். நட்சத்திரமும் விமர்சனமும் பொருளுக்கு வந்தவை, உங்களுக்கு அனுப்பப்போகும் ஆளுக்கு வந்தவை அல்ல. விலைக்குக் கீழே இருக்கும் விற்பனையாளர் பெயரைத் தொட்டு, அவர் முகவரியையும் அவருக்கு வந்த புகார்களையும் படியுங்கள். பிராண்டின் சொந்தத் தளமோ, நேரடிக் கடைகளும் வைத்திருக்கும் அழகுசாதன நிறுவனத்தின் தளமோ என்றால் நிம்மதி. பெர்ஃப்யூமுக்கு ரிட்டர்ன் இல்லை என்று சில இடங்களில் போட்டிருக்கும், அதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். முன்பணத்தை யு.பி.ஐ.யில் கேட்டு, பில் தர மறுக்கும் இன்ஸ்டாகிராம் கடைகள் வேண்டவே வேண்டாம்.

கையில் அவ்வளவு பணம் இல்லை என்றால் ஃபர்ஸ்ட் காப்பி என்று விற்கும் போலிகள் பக்கம் போகாதீர்கள். சொந்தப் பெயர், முகவரி போட்டு விற்கும் நம் ஊர் பிராண்டுகளும், உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் ஊர் அத்தரும் இருக்கின்றன. போலியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. கழுத்தில் அரிப்போ கருமையோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டிலோடு தோல் மருத்துவரிடம் போங்கள்.

பார்சல் வந்ததும் கூரியர் சீட்டு தெரியும்படி ஆரம்பித்து, பெட்டியின் அடி, பாட்டிலின் அடி, அந்த உலோக வளையம் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். போலி என்று தெரிந்தால் ஆப்பின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அப்புறம் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

உங்கள் ஒரிஜினல் பாட்டில் தீர்ந்துவிட்டால், பெட்டியைக் கிழித்து, லேபிளைச் சுரண்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள். காலி பாட்டிலுக்குக் காசு தருகிறேன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.