நம்மைப் பின்தொடர்பவர்கள் யாருக்குச் சொந்தம்?

ஹட்டனில் நான் நடத்தும் கொமினிகேஷன் கடைக்குத் தலவாக்கலைப் பக்கமிருந்து தையல்கார அக்கா ஒருவர் வந்தார். தீபாவளிக்கு முன் புது பிளவுஸ் படங்களைத் தன் பேஸ்புக் பேஜில் போட்டிருக்கிறார். லைக் பண்ணி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். படத்தைப் பார்த்தவர்களோ விரல்விட்டு எண்ணலாம். கீழே ‘பூஸ்ட்’ பட்டன், காசு கட்டினால் கூடுதல் பேருக்குக் காட்டுவதற்கு. அமுக்கினால் கார்ட் நம்பர் கேட்கிறது.

"நம்ம ஆளுங்களுக்கு நாம காட்டுறதுக்கு எதுக்கு தம்பி காசு?" என்றார்.

நியாயமான கேள்வி. வேறு தளத்துக்குப் போகலாம் என்றால், சேர்த்த ஆட்களைக் கூட்டிப்போக வழியில்லை.

மாஸ்டடன் போன்ற தளங்கள் வேறு மாதிரி. 2016இல் ஜெர்மனியில் தொடங்கிய மாஸ்டடன் ஒரே கம்பனியின் சொத்தல்ல. கணக்குகளையும் பதிவுகளையும் வைத்திருக்கும் கணினியான சேர்வரை யாரும் நடத்தலாம். டயலொக் போனில் இருந்து மொபிடெல் போனுக்குப் பேசுவதுபோல, ஒரு சேர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம். சேர்வர் பிடிக்காவிட்டால் மாறலாம். பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் மட்டும் வராது. பதிவுகள் நேர வரிசையில் வரும், விளம்பரம் கிடையாது.

மலையகத்துக்கு இப்படியான தளம் தேவை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி, திகனவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது பேஸ்புக்கில் சிங்களத்தில் வெறுப்புப் பதிவுகள் பரவின. அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபரை முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல்தான். சிங்களமும் தமிழும் தெரிந்தவர்கள் இங்கேயே ஒரு சேர்வர் நடத்தினால், முறைப்பாட்டைப் படிப்பவருக்கு வெறுப்பு வார்த்தையின் விஷம் உடனே புரியும். வெறுப்பை வளர்க்கும் சேர்வரை மற்றவை துண்டித்துவிடவும் முடியும். ஆனால் இதற்கு ஆள் வேண்டும், வாடகைக் காசு வேண்டும். நடத்துபவர் சலித்துப்போய் மூடிவிட்ட சேர்வர்களும் உண்டு.

அக்காவை இன்றைக்கே அங்கே போகச் சொல்லவில்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் அங்கே இல்லையே! வாட்ஸ்அப் நம்பர்களைக் கொப்பியில் எழுதி வைக்கத்தான் சொன்னேன். கணக்குத் திறந்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒன்று: மாஸ்டடனில் ஒருவருக்கு மட்டும் அனுப்பும் செய்தியை சேர்வர் நடத்துபவரால் பார்க்க முடியும். அடையாள அட்டை, பேங்க் புத்தகப் படங்களை அதில் அனுப்பாதீர்கள்.