கொக்கு மாதிரி ஒரு தாத்தா

கரும்பலகையில் ஒரு வாக்கியம்: ‘தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.’ இவர் எப்படிப்பட்டவர் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் முழிப்பார்கள். நியாயம்தான், வாக்கியத்தில் அதற்கு விடையே இல்லை. சரி, இரண்டு சொல் சேர்ப்போம்: ‘தாத்தா திண்ணையில் கொக்கு மாதிரி உட்கார்ந்திருந்தார்.’ இப்போது கதை கிளம்பும். கடன்காரனுக்குக் காத்திருக்கிறார் என்பான் ஒருவன். மாங்காய் திருட வருகிறவனைப் பிடிக்கப் போகிறார் என்பாள் இன்னொருத்தி. கொக்கை அழித்துவிட்டு ‘எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி’ என்று எழுதிப் பாருங்கள். சத்தம் அடங்கிவிடும்.

தாத்தா அவரேதான், திண்ணையும் அதேதான். தொனி மட்டும் புரண்டுவிட்டது. வாயால் கதை சொல்லும்போது கிண்டலோ கனிவோ பயமோ குரலிலேயே தெரிந்துவிடும். அச்சில் குரல் கேட்காது. அந்த வேலையில் பெரும்பங்கை உவமையும் உருவகமும் எடுத்துக்கொள்கின்றன.

எப்படி? வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் உவமை பிறக்கிறது என்கிறது தொல்காப்பியம். அதாவது செயல், பயன், வடிவம், நிறம். கொக்குத் தாத்தாவுக்கு இதில் மூன்று பொருந்தும்: அசையாமல் இருக்கும் செயல், ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தலை. ஆனால் கொக்கு தனியாக வருவதில்லை, மூட்டை முடிச்சோடு வருகிறது. ‘ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும்’ என்ற மூதுரைப் பாட்டைப் படித்த பிள்ளைக்குக் கொக்கு என்றாலே காரியக்காரப் பறவை. ஆசிரியர் ‘தந்திரம்’ என்ற சொல்லை எழுதவே இல்லை. படிப்பவர் அதைத் தானாக எடுத்து வைத்துக்கொள்கிறார். தொனி இப்படித்தான் சந்தடியில்லாமல் உள்ளே வருகிறது.

எவ்வளவு சந்தடியில்லாமல் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பால் திபடோ, லெரா போரோடிட்ஸ்கி இருவரும் 2011இல் வெளியிட்டது. அடிசன் என்ற கற்பனை நகரத்தில் குற்றங்கள் பெருகுவதைப் பற்றி ஒரு பத்தி. பாதிப் பேருக்குக் கொடுத்ததில் குற்றம் ஊரை வேட்டையாடும் மிருகம். மீதிப் பேருக்கு ஊரைத் தொற்றிய வைரஸ். மிருகத்தைப் படித்தவர்கள் போலீஸ், சிறை என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். வைரஸைப் படித்தவர்கள் காரணத்தைத் தேடிச் சரிசெய்யும் வழிகளைச் சொன்னார்கள். எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் காட்டியது பத்தியில் இருந்த புள்ளிவிவரங்களை! பிறகு வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது இந்த விளைவு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே உருவகம் மந்திரக்கோல் இல்லை. ஒரு பக்கம் லேசாகத் தள்ளிவிடும் கை என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் வகுப்பறைகளில் இதெல்லாம் நடப்பது குறைவு. மலர்முகம் உவமை, முகமலர் உருவகம், ஒரு மதிப்பெண், அடுத்த கேள்வி. கண்டுபிடித்ததோடு பாடம் முடிந்துவிடுகிறது. அது அங்கே என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம். இத்தனைக்கும் ‘போல’ இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ‘மாமாவின் கோபம் புயல் போல இருந்தது’ என்றால், சொல்கிறவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார். ‘மாமா என்ற புயல் வாசலில் செருப்பைக் கழற்றியது’ என்றால் நாமும் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டோம். செருப்பு வந்ததால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

வகுப்புக்கு எடுத்துப் போக என்னைக் கேட்டால் குறுந்தொகையின் 41ஆம் பாட்டைச் சொல்வேன். கதை இல்லைதான், ஆனால் ஒரே பாட்டில் தொனி தலைகீழாவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. காதலன் பக்கத்தில் இருந்தால் அவள் திருவிழா நடக்கும் ஊர் மாதிரி இருக்கிறாள். அவன் பிரிந்தால், பாலைவழிச் சிற்றூரில் ஆட்கள் விட்டுப்போன வீடு மாதிரி. அந்த வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுகிறது. அணில் குறும்பான பிராணி, அதில் சோகம் எதுவும் இல்லை. இங்கே பிள்ளைகளிடம் ஒரு கேள்வி: உங்கள் வீட்டு முற்றத்தில் அணில் எப்போது பயமில்லாமல் ஆடும்? யாரும் இல்லாதபோது. அவ்வளவுதான், வீட்டின் வெறுமை அவர்களுக்கே தெரிந்துவிடும். இதை எழுதிய புலவரின் பெயர் தெரியாததால், அவரையே அணிலாடு முன்றிலார் என்று அழைத்துவிட்டார்கள்.

அப்புறம் எழுதச் சொல்லலாம். நிலா, தாமரை, தேன், மான் நான்குக்கும் அன்று விடுமுறை. எடுத்து எடுத்துத் தேய்ந்துபோனவை அவை. படிப்பவர் மனதில் எதையும் அசைப்பதில்லை. வீட்டில், தெருவில் பார்த்ததைத்தான் எழுத வேண்டும். ‘தாத்தா திண்ணையில் சார்ஜ் இறங்கிய போன் மாதிரி உட்கார்ந்திருந்தார்’ என்று ஒரு வரி வந்தால், அதை விளக்குத் தாத்தாவுக்குப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றலாம், போனுக்குச் சார்ஜ் போடலாம்; கணக்குப்படி இரண்டும் ஒன்று. ஆனால் விளக்கு அணைவதற்கு நம் வீடுகளில் வேறு அர்த்தம் உண்டு, அந்த மூட்டை போனிடம் இன்னும் சேரவில்லை. போன் தாத்தா எந்த நிமிடமும் எழுந்து காபி கேட்பார்.