அறுவைக்கு வெறும் வயிறு என்றால் ஆஸ்துமா பஃப்பும் (இன்ஹேலரும்) கூடாதா?

போன வாரமும் அதே கதை. பித்தப்பைக் கல் அறுவைக்காக அல்சூரிலிருந்து வந்திருந்தார் ஒரு அம்மா. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இரண்டு பக்கமும் விசில் சத்தம். "காலையில பஃப் எடுத்தீங்களாம்மா?" "இல்ல டாக்டர், ராத்திரியிலிருந்து வாயில எதுவும் படக்கூடாதுன்னு சொன்னாங்களே." படிவத்தில் ஆஸ்துமா கட்டத்துக்கு நேரே 'இல்லை' என்று மகன் டிக் அடித்திருக்கிறார். நெபுலைசர் வைத்து, நெஞ்சு தெளியும்வரை காத்திருந்துதான் மயக்கம் கொடுத்தோம்.

பெங்களூரின் குளிருக்கும் மகரந்தத்துக்கும் வீட்டுக்கு வீடு வீசிங் இருக்கிறது. பஃப் பற்றிய இந்தக் குழப்பமும் கூடவே இருக்கிறது. வெறும் வயிறு எதற்குக் கேட்கிறோம்? மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடக் கூடாது, அதற்குத்தான். திட உணவுக்குப் பொதுவாக 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம். மூச்சுக்குழலை விரிக்கும் சால்பூட்டமால் மருந்து ஒரு பஃப் வெறும் 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அது சாப்பாடு இல்லை, வயிற்றில் தங்கப்போவதும் இல்லை. வாய் கொப்பளித்துத் துப்புங்கள், அதுவும் தப்பில்லை. தினமும் எடுக்கும் பஃப்பை அறுவை அன்று காலையிலும் கட்டாயம் எடுக்க வேண்டும். விட்டுவிட்டு வந்தால்தான் ஆபத்து: தொண்டையில் குழாய் இறங்கும்போது மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளும், காற்றுச் செலுத்தும் பையை நாங்கள் எவ்வளவு அமுக்கினாலும் காற்று உள்ளே போகாது.

"சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு விடுவார்கள்" என்று மறைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் அதைக் காரணம் காட்டி நாங்கள் அறுவையைத் தள்ளுவதில்லை. முன்கூட்டித் தெரிந்தால் மூச்சுக்குழலை இறுக்காத புரோபஃபால், செவோஃபுளூரேன் மாதிரி மயக்க மருந்துகளாகத் தேர்ந்துகொள்வோம். கால், இடுப்பு அறுவை என்றால் முதுகில் ஊசி போட்டுக் குழாயையே தவிர்க்கப் பார்ப்போம். சளி, காய்ச்சல் வந்துபோன சில வாரங்களுக்கு மட்டும், அவசரமில்லாத அறுவையைத் தள்ளி வைக்கச் சொல்வோம். அப்போது சண்டைக்கு வராதீர்கள்.

அப்புறம், கடந்த சில மாதங்களில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் சொல்லுங்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போட்டு எப்போதாவது மூச்சு இரைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், வலிக்கு வேறு மருந்து தருவோம். சிகரெட்டை இன்றே விடுங்கள். பஃப்பையும் அதை மாட்டி இழுக்கும் ஸ்பேசர் குழாயையும் நோயாளியின் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். வார்டுக்குத் திரும்பிய பிறகு பஃப் நேரம் வந்தால், யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருக்காமல் நர்ஸிடம் நீங்களே கேளுங்கள்.