இற்செறிப்புக்கு ஒன்றரை மதிப்பெண்

‘இற்செறிப்பு – குறிப்பு வரைக.’ இரண்டு மதிப்பெண் வினா. களவு, அதாவது ரகசியக் காதல், வெளியே தெரிந்ததும் தலைவியை வீட்டுக்குள் வைத்துக் காப்பது என்று ஒரு வரி, கூடவே ஓர் எடுத்துக்காட்டு எழுதினால் போதும். சென்ற மாதத் தேர்வில் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எடுத்துக்காட்டுக்கு எட்டுத்தொகைப் பக்கம் போகவில்லை. ‘எங்கள் அக்காவை இற்செறித்து விட்டார்கள். போனையும் வாங்கிக் கொண்டார்கள். அடுத்தது நீதான் என்று பாட்டி சொல்கிறார்’ என்று எழுதியிருந்தாள்.

திருத்தியவர் ஒன்றரை மதிப்பெண் போட்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, ‘இந்தக் காலத்துத் தலைவி’ என்று ஒரு சிரிப்புப் பொம்மையையும் சேர்த்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவர் கெட்டவர் இல்லை, நல்ல பதிலாக இருக்கிறதே என்றுதான் போட்டிருக்கிறார். நான்காம் நாள் அந்தப் படம் பாட்டியின் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் பெண் வரவில்லை. கேட்டால், ‘பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா’ என்கிறார்கள். மேல்நிலை வகுப்பு எடுக்கும் எவருக்கும் இந்தப் பெரியம்மா வீட்டுக்கு என்ன பொருள் என்று தெரியும்: பதினெட்டு ஆவதற்குள் கல்யாணம். வைகாசி முகூர்த்தம் நெருங்க நெருங்க எத்தனை பெரியம்மாக்கள்!

அடுத்தவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு முழுதாக இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி குறுந்தொகையின் 28ஆம் பாட்டை எழுதினாள். ஔவையார் பாட்டு. ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ என்று தொடங்கி, தன் காதல் நோய் அறியாமல் தூங்குகிற ஊரை நினைத்து ‘துஞ்சும் ஊர்க்கே’ என்று முடியும். அவள் ‘ஊர்க்கே’ என்று எழுதி, அடித்துவிட்டு, ‘வீட்டுக்கே’ என்று மாற்றியிருந்தாள். நான் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ‘பாடலைப் பிழையின்றிப் படி’ என்று எழுதி அரை மதிப்பெண்ணைக் குறைத்தேன். அந்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். அந்த அடித்தலைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஏன் கேட்கத் தோன்றுவதில்லை என்றால், நமக்குப் பழக்கம் அப்படி. ‘பாரதி கண்ட புதுமைப்பெண்’ என்று கட்டுரை கொடுத்தால் நாற்பத்திரண்டு நோட்டிலும் அதே நிமிர்ந்த நன்னடை, அதே நேர்கொண்ட பார்வை, அதே கைடு, சில நேரம் அதே எழுத்துப்பிழையும்கூட. அந்த மனப்பாடக் குவியலுக்கு நடுவில் உண்மையான வரி ஒன்று வரும்போது நம் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. என் அனுபவத்தில் அதற்கு ஓர் அடையாளம் உண்டு. ‘தலைவி’ என்று தொடங்கும் பதில் பாதியில் ‘அவள்’ ஆகி, கடைசி வரியில் ‘எங்களை’ என்று மாறும். பேனாவை அழுத்தி எழுதியிருப்பாள், சந்திப்பிழை கூடியிருக்கும். ஆண் பிள்ளைகளின் தாளையும் பாருங்கள். அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனைப் பற்றி முதலில் எழுதுகிறவன் பெரும்பாலும் தம்பிதான்.

சரி, எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற விஷயத்துக்கு வருகிறேன். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த ஓர் அப்பா, தலைமையாசிரியர் அறையிலேயே என்னிடம் கேட்டார்: “கண்ணகிக்கே பன்னெண்டு வயசுதானே டீச்சர்? நீங்கதானே பாடம் நடத்துறீங்க?”

ஆமாம், நான்தான் நடத்துகிறேன். ‘ஈராறு ஆண்டு அகவையாள்’ என்று இளங்கோ எழுதியிருக்கிறார். கோவலனுக்கு ஈரெட்டு, அதாவது பதினாறு. ஆனால் ஒன்று நடந்தது என்று காவியம் சொல்வதும், அப்படியே நீங்களும் செய்யுங்கள் என்று சொல்வதும் ஒன்றா? அந்தக் கல்யாணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பெற்றோர் நாள் குறிக்கிறார்கள், யானைமேல் பெண்களை ஏற்றி ஊருக்கெல்லாம் அறிவிக்கிறார்கள், தீவலம் நடக்கிறது. அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அடுத்த காதையில் கோவலன் ‘மாசறு பொன்னே, வலம்புரி முத்தே’ என்று அடுக்கிக்கொண்டே போகிறான். அவள் பதிலுக்கு ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதற்கு அடுத்த காதையிலேயே அவன் மாதவி வீட்டில். அந்தப் பெண் ஊரறிய வாய் திறப்பது மதுரையில், கணவனை இழந்த பிறகு. பன்னிரண்டு வயதுக் கல்யாணத்துக்குச் சான்று வேண்டுமென்றால் இதைவிட மோசமான சான்று கிடைக்காது. இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. வயதை மட்டும் கண்ணகியிடமிருந்து எடுத்துக் கொள்கிறவர், அதே கண்ணகி ‘தேரா மன்னா’ என்று கேட்ட மாதிரி தன் மகள் தன்னை ஒரு கேள்வி கேட்டால் பொறுத்துக் கொள்வாரா?

கண்ணகி இல்லையென்றால் அடுத்து ‘எங்க ஆத்தாவுக்குப் பதினாலு’ என்பார்கள். சிலர் பாரதியையும் இழுப்பார்கள். 1897இல் பாரதிக்குக் கல்யாணம் நடந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, செல்லம்மாளுக்கு ஏழு. உண்மைதான். அதே பாரதிதான் பின்னால் பெண் விடுதலைக்கு என்னென்ன வேண்டும் என்று வரிசை போட்டபோது, பெண்களை ருதுவாவதற்கு முன் கல்யாணம் செய்து கொடுக்கக் கூடாது என்பதை முதலில் வைத்தார். தனக்கு நடந்ததை அவர் ஊருக்குச் சிபாரிசு செய்யவில்லை. (இந்த ஏழு வயதை நாம் வகுப்பில் சொல்வதே இல்லை. சொன்னால் பாரதியின் மதிப்பு குறைந்துவிடும் என்று நமக்கு ஒரு பயம். பிள்ளைகள் அதைக் கேட்டால்தான் அந்தக் கட்டுரையை உண்மையாக எழுதுவார்கள் என்பது என் கட்சி.)

சட்டத்தை வேகமாகச் சொல்லி விடுகிறேன். 1929இல் பெண்ணுக்குப் பதினான்கு என்று வைத்தார்கள். 1978 முதல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இப்போது நடப்பில் இருப்பது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். அப்பா அம்மா சம்மதித்தாலும் குற்றம், பெண்ணே தலையாட்டினாலும் குற்றம். நடத்தி வைத்தவர், ஏற்பாடு செய்தவர் எல்லோரும் இதில் மாட்டுவார்கள், இரண்டு ஆண்டு வரை சிறை. ‘வயசுக்கு வந்தாச்சு’ என்பதற்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. நடக்கப் போகிறது என்று தெரிந்தால் நீதிமன்றத்தில் தடை வாங்கலாம். ‘தாலி ஏறிடுச்சு, இனி என்ன’ என்றும் விட்டுவிட வேண்டாம். சிறுமியாகக் கல்யாணமான பெண் 20 வயது முடிவதற்குள் அதை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம்.

‘நம்ம ஊர்ல இப்பல்லாம் யாரு பண்றாங்க’ என்பவர்களுக்கு: 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 18க்கு முன் கல்யாணமானவர்கள் 12.8 சதவீதம். என் வகுப்பில் இருபத்தாறு பெண்கள். கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். விடைத்தாளைப் படம் எடுக்காதீர்கள். பெயரை மறைத்தாலும் கையெழுத்து காட்டிக் கொடுக்கும். வகுப்பில் சத்தமாகப் படிக்காதீர்கள், பாராட்டுவதற்காகக்கூட வேண்டாம். ஓரத்தில் ‘என்னை வந்து பார்’ என்று எழுதாதீர்கள், அந்த நோட்டு வீட்டுக்குப் போகும். முதல் வேலையாக அப்பாவைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் கூப்பிட்டு, முகூர்த்தத்தை இரண்டு வாரம் முன்னால் தள்ளிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், அதை உங்களால் காப்பாற்ற முடியாது. எழுதியிருப்பது பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆசிரியருக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு, நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை.

குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். சாட்சியோடு போக வேண்டியதில்லை, சந்தேகம் போதும். குழந்தைத் திருமணம் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். அவர் எண்ணை இன்றைக்கே எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

பெற்றோருக்குத் திட்டுவதற்குப் பதில் ஒரு வேண்டுகோள். 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாண உதவித் திட்டம் வந்தது. 2022இல் அதே பெயரில் அது படிப்பு உதவியாக மாறிவிட்டது. அதைத்தான் புதுமைப்பெண் திட்டம் என்கிறார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். கல்யாணத்துக்குப் பணம் வரும் என்று நம்பி பன்னிரண்டோடு நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவளைக் கல்லூரிக்கு அனுப்பி வையுங்கள்.

அந்தப் பதினோராம் வகுப்புப் பெண்ணுக்காக 1098க்கு நான்தான் அழைத்தேன். ஆட்கள் பெரியம்மா வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறார்கள். கல்யாணம் எதுவும் பேசவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெண் இன்னும் பள்ளிக்கு வரவில்லை. அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, நீக்க விடவில்லை.

இப்போதெல்லாம் அப்படி ஒரு வரியைப் பார்த்தால் நான் தாளில் எதுவும் எழுதுவதில்லை. அடுத்த நாள் அந்தப் பெண்ணிடம், “இந்த நோட்டுக் கட்டைக் கொஞ்சம் ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கிட்டு வாம்மா” என்பேன். நோட்டுத் தூக்குவது யார் கண்ணையும் உறுத்தாது. அறையில் ஆள் இருந்தால் நூலகம். கட்டைக் கீழே வைத்ததும் பெரும்பாலும் அவர்களே கேட்டு விடுகிறார்கள்: “டீச்சர், என் பேப்பரைப் படிச்சிட்டீங்களா?”