தாயம் ஏன் விழமாட்டேன் என்கிறது?

பள்ளத்தூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "லீவுக்கு எல்லாரும் ஊருக்கு வந்தால் வளவில் உட்கார்ந்து தாயம் ஆடுவோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் யாராவது ஒருத்தர் தாயமே விழாமல், காயை இறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். கட்டையில் கோளாறா, இல்லை கைராசி என்று அப்பத்தா சொல்வதுதான் சரியா?"

கட்டையைச் சந்தேகப்படுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம். நீளமான பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு வெறும் பக்கம். எந்தப் பக்கம் மேலே வரவும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஒன்றும் வெறுமையும் விழுந்தால் தாயம், இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. ஆடுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சரி, தாயமும் பன்னிரண்டும் ஒரே அளவு அரிதானவையா? இது ஒரு ஜோடி, அது ஒரு ஜோடி. பார்த்தால் சமமாகத்தான் தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒரு கட்டையை மட்டும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மற்றது கறுத்தே கிடக்கட்டும். இப்போது உருட்டுங்கள். பளபளப்பில் ஒன்று, கறுப்பில் வெறுமை: தாயம். பளபளப்பில் வெறுமை, கறுப்பில் ஒன்று: அதுவும் தாயம்! பன்னிரண்டுக்கோ ஒரே வழிதான். பளபளப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கறுப்பில் நாலு பக்கம் என்று மொத்தம் 16 விதம். அதில் தாயம் 2, பன்னிரண்டு 1. புளி தேய்த்ததால் கட்டை உருளும் விதம் மாறிவிடவில்லை. இரண்டு வழியும் முன்பே இருந்தன. நம் கண்தான் அவற்றை ஒன்றாகப் பார்த்தது. பாடப்புத்தகம் 'கூறுவெளி' என்று சொல்வது இந்தப் பதினாறைத்தான்.

புள்ளிகளைக் கூட்டினால் 0 முதல் 6 வரை வரும். அதற்கான வழிகள் முறையே 1, 2, 3, 4, 3, 2, 1. மூன்று மட்டும் விழுந்து விழுந்து வெறுப்பேற்றுவது இதனால்தான்.

இதில் சறுக்கியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. நாணயத்தை அதிகபட்சம் இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1754-இல் எழுதினார் பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர். சரியான விடை நாலில் மூன்று. முதலிலேயே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என்ற சம வாய்ப்பில்லாத மூன்று முடிவுகளைச் சமமாக எண்ணிவிட்டார்.

வாசகியின் கேள்விக்கு வருவோம். தாயம் விழ எட்டில் ஒன்று என்றால் விழாமல் போக எட்டில் ஏழு. கட்டைக்கு ஞாபகம் கிடையாது. ஒன்பது முறை ஏமாற்றினோமே, பத்தாவதாவது போட்டுத் தொலைப்போம் என்று அது நினைக்காது. ஆகவே எட்டில் ஏழைப் பத்து முறை பெருக்கினால் போதும்: ஒருவர் பத்து முறை உருட்டியும் தாயம் காணாமல் இருக்க வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நாலு பேர் ஆடினால்? நாலு பேருக்குமே பத்துக்குள் விழுந்துவிட சுமார் 30 சதவீத வாய்ப்புதான். மீதி 70 சதவீதம், குறைந்தது ஒருத்தராவது கட்டையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது யார் என்பது தற்செயல். யாரோ ஒருத்தர் இருப்பது ஆட்டத்தின் இயல்பு.

இதைப் போய்க் கைராசி என்பது எனக்கு எரிச்சலான விஷயம். 'ராசியில்லாத கை' என்ற பேர் தாயத்தோடு நிற்பதில்லை. விசேஷ வீட்டில் யார் விளக்கேற்றுவது என்பது வரை போகும். பள்ளிக்கூடமும் உதவுவதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு கடைசிப் பாடத்தில் இருக்கிறது, பரீட்சை அவசரத்தில் ஓட்டிவிடுகிறார்கள். வகுப்புக்கு நாலு ஜோடி தாயக்கட்டை வாங்கிப்போட என்ன பெரிய செலவாகிவிடும்?

கட்டையில் கோளாறே இருக்காதா என்றால், இருக்கலாம். விளிம்பு தேய்ந்த பழைய கட்டை ஒரு பக்கமாகச் சாயும். சோதிக்க 160 முறை உருட்டினால் 20 தாயம் எதிர்பார்க்கலாம். ஆனால் நல்ல கட்டையிலேயே 12-லிருந்து 28 வரை சகஜமாக வரும் என்பதால் அதில் ஒன்றும் பிடிபடாது. 1,600 முறை உருட்டுங்கள். தாயத்தின் எண்ணிக்கை 174-க்குக் கீழோ 226-க்கு மேலோ போனால் சந்தேகப்பட நியாயம் உண்டு. நாலு பேர், ஆளுக்கு 400. முழுப் பரீட்சை லீவு நீளமானதுதானே.