கெக்குல இருந்து பியர் ஏன் வெறும் நுரையா வருது?

அமெரிக்காவுல வீட்ல பியர் காய்ச்சுறதை 1978ல சட்டம் போட்டு அனுமதிச்சாங்க, அதுக்கப்புறம் அது பெரிய பொழுதுபோக்கா வளந்துடுச்சு. சைடர் இன்னும் சுலபம், காய்ச்சவே வேணாம், ஆப்பிள் ஜூஸ்ல ஈஸ்ட் போட்டு ஏர்லாக் (கேஸை வெளிய மட்டும் விடுற மூடி) மாட்டி மூடி வச்சா அதுவே நொதிச்சுக்கும். ஆனா ரெண்டுலயும் கேஸ் ஏத்தி, கெக்குல (பியரை அடைச்சு வைக்கிற ஸ்டீல் கேன்) இருந்து பொங்காம கிளாஸ்ல இறக்குறதுக்குள்ளதான் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு போதும் போதும்னு ஆயிடுது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னுட்டு ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் விடுது, அந்த கேஸ்ல பெரும்பகுதி ஏர்லாக் வழியா வெளிய போயிடும். 20 டிகிரியில நொதிச்சு முடிஞ்ச பியர்ல லிட்டருக்கு 0.85 லிட்டர் கேஸ்தான் மிச்சம் இருக்கும், இதை 0.85 வால்யூம்னு சொல்லுவாங்க. நமக்கு வேண்டியது சுமார் 2.4. பாட்டில்ல அடைக்கிறவங்க மிச்சத்தை சர்க்கரையை வச்சு சரிக்கட்டுறாங்க, லிட்டருக்கு 4 கிராம் போட்டா ஒரு வால்யூம் ஏறும், அப்ப 20 லிட்டருக்கு 120 கிராம் கிட்ட வரும். மூடி போட்டுட்டு ரூம் சூட்டுல ரெண்டு வாரம் விட்டா ஈஸ்ட் மறுபடி வேலை பார்த்து கேஸை உள்ளயே விட்டுடும்.

சைடர்காரங்க மாட்டுறது இங்கதான். இனிப்பா வேணும்னு கூட ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டு அடைச்சா ஈஸ்ட் என்ன, பாதியில நிறுத்திக்குமா? மொத்தத்தையும் தின்னுட்டு பாட்டிலை வெடிக்க வச்சுடும், கண்ணாடிச் சில்லு பறக்கும், நிஜமாவே ஆபத்து. இனிப்பு வேணும்னா எரித்ரிடால் மாதிரி ஈஸ்ட் தொடாத இனிப்பைப் போடணும்.

கெக்குக்கு சர்க்கரையே தேவையில்ல. கோக், பெப்சி கம்பெனிக்காரங்க முன்னாடி சிரப் அனுப்பின 19 லிட்டர் ஸ்டீல் கேனைத்தான் வீட்ல காய்ச்சுறவங்க வாங்கி வச்சுக்கிட்டாங்க, பக்கத்துல ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், பிரஷரைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டர், அவ்வளவுதான். மேல எவ்வளவு பிரஷர் கொடுக்கிறோமோ அந்த அளவுக்கு கேஸ் கரையும்னு 1803லயே மான்செஸ்டர்ல வில்லியம் ஹென்றி சொல்லிட்டாரு. இதுல சூட்டையும் சேர்த்துப் பாக்கணும்: 4 டிகிரியில 12 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கிற அலகு) வச்சா ஒரு வாரம் பத்து நாள்ல 2.5 வால்யூம் ஏறிடும், அதே அளவு 20 டிகிரியில வேணும்னா 28 பிஎஸ்ஐ கிட்ட வைக்கணும். அதனாலதான் கெக்கை ஃப்ரிட்ஜுக்குள்ளயே வைக்கிறாங்க. அவசரக்காரங்க 30 பிஎஸ்ஐ வச்சு கெக்கைப் போட்டு உலுக்குவாங்க, கேஸ் படுற பரப்பு கூடுறதால சீக்கிரம் ஏறும், ஆனா எங்க நிறுத்துறதுன்னு தெரியாம அளவுக்கு மேல ஏத்திக்கிறவங்கதான் அதிகம்.

சரி, நுரை. உள்ள 12 பிஎஸ்ஐ, கிளாஸ்ல பிரஷரே இல்ல, அந்த 12ம் எங்கயாவது குறைஞ்சாகணும்ல? கெக்குல இருந்து டாப் (பியர் பிடிக்கிற குழாய்) வரைக்கும் அரை மீட்டர் டியூப் மாட்டியிருந்தா டாப்கிட்ட வந்து ஒரே அடியா குறையும், பியர் பீச்சிக்கிட்டு கலங்கி வரும், கரைஞ்ச கேஸ் பூரா குமிழியா வெளிய வந்துடும். அதுவே 5 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள 3 மீட்டர் டியூப்னா உரசிக்கிட்டே போறதுல பிரஷர் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு டாப்ல சாதுவா இறங்கும். கேஸ் அதிகமா ஏத்துற கோதுமை பியருக்கு டியூப் இன்னும் நீளமா வேணும். சைடர்ல மால்ட் (முளைகட்டின தானியம்) புரோட்டீன் கிடையாது, பொங்கினாலும் நுரை நிக்காம உடனே அடங்கிடும், ஆனா வெளிய போன கேஸ் போனதுதான்.

நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, நுரை வருதேன்னு ரெகுலேட்டரை 4, 5ன்னு இறக்கிடுறாங்க. முதல் நாள் நல்லா இருக்கும். அப்புறம் குறைஞ்ச பிரஷருக்கு ஏத்த மாதிரி பியர்ல இருந்து கேஸ் பிரிஞ்சு டியூப்ல அங்கங்க குமிழியா தேங்கும், டாப்பைத் திறந்தா அந்தக் குமிழிதான் முதல்ல தள்ளிக்கிட்டு வரும், நுரை முன்னைவிட அதிகம், போதாக்குறைக்கு பியரும் சப்புன்னு ஆயிடும். பிரஷரை 12லயே விட்டுட்டு டியூப்பை மாத்துங்க, அதுக்கு ஒண்ணும் பெருசா செலவாகாது. முதல் கிளாஸ் மட்டும் பொங்கி அடுத்தது சரியா வந்தா டியூப் மேல தப்பில்ல, டாப் ஃப்ரிட்ஜுக்கு வெளிய சூடா இருக்குன்னு அர்த்தம்.