அம்மணம்: சொல்லின் வழியும் தமிழில் அதற்கு இணையான சொற்களும்

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்த என் பாட்டி கடைசிவரை ரவிக்கை அணிந்ததில்லை, பேத்தியின் திருமணத்தில் படமெடுக்க வந்தவர் அதைச் சுட்டியபோது, "நான் என்ன அம்மணமாவா நிக்கிறேன்?" என்று கேட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அந்த ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன் எவர் கண்ணையும் உறுத்தாத உடை, இன்று விளக்கம் கேட்கப்படும் உடையாகிவிட்டது. அவர் வாயில் வசைபோல ஒலித்த சொல்லின் வரலாறோ வேறு.

வடமொழியில் 'சிரமண' என்றால் நோன்பில் பாடுபடுபவர். அது பிராகிருதத்தில் 'சமண' என்றாகித் தமிழில் முதல் மெய்யை இழந்து 'அமண' என்று நின்றது. அமணருள் திகம்பரத் துறவியர், அதாவது திசைகளையே ஆடையாகக் கொண்டவர்கள், உடை துறந்து திரிந்ததால், சமயத்தின் பெயரே ஆடையில்லா நிலைக்கும் பெயராகி, மகரம் இரட்டித்து அம்மணம் ஆயிற்று என்பது அகராதி காட்டும் வழி. அச்சொல்லில் இழிவு ஏறியதற்குச் சமணத்தோடு நடந்த சமயப் பூசல்களுக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

சமணத்தின் இந்த மரபை நேரில் காண நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. காட்பாடியிலிருந்து பேருந்தில் போகும் தொலைவிலுள்ள வள்ளிமலையில், முருகனைக் காண ஏறுவோர் பலர் கவனியாத பாறையில், கங்க மன்னன் இராசமல்லன் செய்வித்த சமணக் குகை இருக்கிறது. 1989 வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த போளூர் வட்டத்துத் திருமலையில், சமணர் வணங்கும் நேமிநாதர் சுமார் 16 அடி உயரச் சிலையாக, அரையில் நூலுமின்றி நிற்கிறார். அவர்முன் கைகூப்புவோர் எவருக்கும் 'அம்மணம்' என்ற சொல் வாயில் வருவதில்லை.

'நிர்வாணம்' வடமொழியில் விளக்கு அணைவதையும் அதன்வழி வீடுபேற்றையும் குறிப்பது. ஆடையின்மைக்கு அங்கே 'நக்னம்' என்ற வேறு சொல் உண்டு. 'ஆபாசம்' முதலில் போலித் தோற்றம் என்றே பொருள்பட்டது. செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது தவறு. வெறும் ஆடையின்மையே ஆபாசமாகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2014-இலும் கேரள உயர் நீதிமன்றம் 2023-இலும் தெளிவாக்கியுள்ளன.

'நேச்சுரிசம்' என்பது ஆடையின்றிக் கூடி வாழ்தலை உடல்நலத்தோடும் இயற்கையோடும் இணைத்த இயக்கம். ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேர்விட்டது. 1953-இல் பிரான்சின் மோந்தாலிவே என்ற ஊரில் அதற்கு உலகக் கூட்டமைப்பு உருவானது. (அறியப்பட்ட மிகப் பழைய குழுக்களுள் ஒன்று, 1891-இல் மும்பையை அடுத்த தாணேயில் கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேய நீதிபதி தொடங்கியது என்பதும், அதில் இருந்தவர்கள் மூவரே என்பதும் பலருக்கு வியப்பளிக்கும்.) தன்மதிப்பு, பிறர் மீதான மதிப்பு, சுற்றுச்சூழல் மீதான மதிப்பு ஆகிய மூன்றையும் வளர்ப்பதே நோக்கம் என்று 1974-இல் அக்கூட்டமைப்பு வரையறுத்தது.

இதனை 'இயற்கைவாதம்' என்று பெயர்ப்பது பொருந்தாது, இலக்கியத்திலும் மெய்யியலிலும் அச்சொல் வேறொன்றுக்கு வழங்கிவருவதால். 'அம்மணவாதம்' என்றால் எள்ளல் முன்னே வந்துவிடும். 'ஆடையிலா வாழ்நெறி' என்பது சற்று நீளமெனினும் பொருளைச் சரியாகச் சொல்கிறது. நிலையை மட்டும் குறிக்க 'ஆடையின்மை' போதும். குழந்தையைப் பற்றியானால் 'பிறந்த மேனி' இருக்கவே இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தாலே பிள்ளை அம்மணமில்லை என்று வாதிடும் கிழவிகள் உண்டு என்பதால், இந்த எல்லையும் அத்தனை உறுதியானதன்று.

உடலை உள்ளபடி ஒப்புக்கொள்ளும் மனநிலைக்கு 'உடலேற்பு' என்று எழுதலாம். அதன் எதிர்ப்பக்கமான 'உருவக்கேலி' ஏற்கெனவே பேச்சில் நன்றாக ஊன்றிவிட்டது. கறுப்பு, குண்டு, ஒல்லி என்று பட்டப்பெயர் வைப்பதை அச்சொல்லால் கண்டிக்கும் பள்ளிப் பிள்ளைகளை இப்போது வேலூரிலும் பார்க்கிறேன். அவர்களிடம் 'உடலேற்பு' இன்னும் போய்ச்சேரவில்லை.